கிராண்ட் சென் பெர்னார் மடம்: ஸ்கீயில் ஏறிப் போய்த் தங்க நினைப்பவர்களுக்கு

கோடையில் காரில் போய் இறங்கி, நாய்களோடு படம் எடுத்து, ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்த மதிப்புரை உதவாது. நான் எழுதப்போவது குளிர்கால மடத்தைப் பற்றி. அக்டோபரில் இருந்து ஜூன் தொடக்கம் வரைக்கும் கணவாய்ச் சாலை பனிக்குள் புதைந்து கிடக்கும். சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்துக்கும் இத்தாலியின் அவொஸ்தா பள்ளத்தாக்குக்கும் நடுவில் 2,469 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாய் அது. வாகனங்கள் எல்லாம் 1964இல் திறந்த சுரங்கப்பாதையால் கீழேயே இத்தாலிக்குப் போய்விடும். மேலே போக வேண்டுமானால் ஸ்கீ, இல்லாவிட்டால் பனியில் நடக்கும் தட்டுச் சப்பாத்து. வேறு வழியில்லை. மடமோ வருடத்தின் 365 நாளும் திறந்திருக்கும்.

ஏறக்குறைய 1050இல் அவொஸ்தாவைச் சேர்ந்த பெர்னார் என்ற குருவானவர் தொடங்கிய இடம் இது. அகஸ்தீனிய சபைத் துறவிகள் இன்றைக்கும் நடத்துகிறார்கள். ‘இங்கே கிறிஸ்து வணங்கவும்படுகிறார், உணவூட்டவும்படுகிறார்’ என்பது அவர்களுடைய இலத்தீன் வாசகம். அதாவது பசியோடு வருகிறவன்தான் கிறிஸ்து. எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்வதானால், பருத்தித்துறைத் தெருமூடி மடத்தை மூன்று மாடியாக்கிப் பனிமலையில் கொண்டுபோய் வைத்ததுபோல. வழிப்போக்கனுக்காகக் கட்டியது, வாடிக்கையாளனுக்காகக் கட்டியது அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் பாதி முறைப்பாடு எழாது.

என் கணக்கில் இந்த மடத்தின் சேவை கட்டிலிலும் சாப்பாட்டிலும் தொடங்கவில்லை. தொலைபேசியில் தொடங்குகிறது. பெப்ரவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவுக்கு மூன்று பேருக்கு இடம் கேட்டு எடுத்தேன். எனக்குப் பேர்ன் ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு, பிரெஞ்சு தட்டுத் தடுமாறித்தான் வரும். அந்தப் பக்கத்தில் இருந்தவர் பொறுமையாகக் கதைத்தார். பெயரையும் ஆள் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்ட பிறகு, முன்பு வந்திருக்கிறீர்களா, யார் வழிநடத்துவது, எத்தனை மணிக்குக் கீழே இருந்து கிளம்புவீர்கள், எல்லோரிடமும் தேடுகருவி (பனிக்குள் புதைந்தவரைச் சமிக்ஞையால் கண்டுபிடிக்கும் கருவி) இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை என்பதால் நான் மரக்கறிச் சாப்பாடு கேட்டேன். “அதெல்லாம் பிரச்சினை இல்லை, காற்றுத்தான் பிரச்சினை” என்றார். வியாழன் பின்னேரம் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி வைத்தார்.

வியாழன் எடுத்தபோது நேரடியாகவே சொல்லிவிட்டார்: புதுப்பனி விழுந்திருக்கிறது, காற்று அதை அள்ளிச் சரிவுகளில் குவித்துக்கொண்டிருக்கிறது, நாளைக்கு வராதீர்கள், செவ்வாய்க்கிழமை அளவில் பார்க்கலாம். நாங்கள் கிழமை நடுவுக்கு மாற்றினோம். மாற்றியதற்கு ஒரு பிராங்கும் கேட்கவில்லை. எந்த ஓட்டல்காரர் எடுத்த பதிவை “வராதே” என்று தானே கலைப்பார்? நான் ஐந்து நட்சத்திரம் போடுவது இதற்குத்தான். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகு வரும் சங்கதிகள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லீவுக்கு நாள் குறித்து, ரயில் டிக்கெட்டையும் மலிவு விலையில் முன்கூட்டியே வாங்கி, அறையும் எடுத்துவிட்டு, கடைசியாக வானிலையைப் பார்க்கிறவர்கள் நம் ஆட்களில் அதிகம். கட்டிய காசு வீணாகக் கூடாது என்ற நினைப்பு நமக்கு இரத்தத்தில் ஊறியது. பனிமலைப் பயணத்துக்கு அந்தப் பழக்கம் ஆகாது. கட்டிய காசுதான் ஆளை மேலே தள்ளும். அதனால் மாற்ற முடியாத டிக்கெட் எதையும் இந்தப் பயணத்துக்கு வாங்காதீர்கள். மூன்று நாட்களை யோசித்து வையுங்கள், பனி எந்த நாளைத் தருகிறதோ அந்த நாளில் போங்கள்.

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் என் தம்பியின் மகன், பத்தொன்பது வயது. நாங்கள் இரண்டு பெண்கள்: நானும், என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் வலேக்காரச் சிநேகிதியும். அவள் ஆல்பைன் கிளப் என்ற மலையேறுவோர் சங்கத்தில் குளிர்காலப் பயணங்களை வழிநடத்துகிறவள். நான் அதே கிளப்பில் பனிச்சரிவு வகுப்பு எடுத்தவள். மருமகன் சுவிஸ் பள்ளிக்கூடத்து ஸ்கீ முகாம்களில் (ஸ்கீ லாகர்) வளர்ந்தவன், என்னைவிட வேகமாக இறங்குவான்.

“மாமி, இதென்ன, ஸ்கீ லாகர் மாதிரித்தானே?” என்று கேட்டான்.

“இல்லையடா. அங்க லிஃப்ட் இருக்கும், விடியமுந்தியே குண்டு வைச்சுப் பனியைக் கலைச்சிருப்பாங்கள். இங்க ஒருத்தரும் கலைக்க மாட்டினம். பனி எப்பிடிக் கிடக்கோ அப்பிடித்தான்.”

“அப்ப ஆர் பாக்கிறது?”

“நாங்கள்தான்.”

அவனுக்கு முதலில் வரைபடத்தைக் காட்டினேன். ஏறத் தொடங்கும் இடம் பூர் சென் பெர்னார், சுரங்க வாசலுக்குப் பக்கத்தில், 1,900 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு காலத்தில் அங்கே ஸ்கீ லிஃப்ட் ஓடியது. 2010இல் மூடிவிட்டார்கள், நிலையம் இன்றைக்கும் பாழடைந்து நிற்கிறது. அங்கிருந்து மடத்துக்கு ஏறக்குறைய 550 மீட்டர் ஏற்றம், ஆறு கிலோமீட்டர். பழகியவர்களுக்கு இரண்டு மணி நேரம், புதியவர்களுக்கு மூன்று. இலக்கங்களை மட்டும் பார்த்தால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகலாம்போல இருக்கும். ஆனால் மடத்துக்குக் கீழே கடைசிப் பகுதியின் பெயர் கோம்ப் தே மோர், செத்தவர்களின் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலை நெருக்க, நடுவில் ஒடுங்கிய குடைவு. ஏறும்போது வலக்கைப் பக்கம் ஷெனலெட் மலையின் சரிவுகள். நீங்கள் நடக்கும் தடம் மென்மையானதுதான். தலைக்கு மேலே தொங்குவதுதான் செங்குத்து.

இதை வீட்டில் இருந்தே பார்க்கலாம் என்பதுதான் சுவிஸ்காரருக்குக் கிடைத்த வரம். சுவிஸ்டோப்போ என்ற அரச வரைபட நிறுவனத்தின் செயலியும் இணைய வரைபடமும் இலவசம். அதில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. அதைப் போட்டால் 30 முதல் 35 பாகை மஞ்சள், 35 முதல் 40 செம்மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு, 45ஐத் தாண்டினால் ஊதா. பலகையாக உடைந்து வரும் பனிச்சரிவு பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட இடத்தில்தான் கிளம்பும், கீழே வந்து எங்கே நிற்கும் என்பது வேறு கதை. மருமகன் அந்த அடுக்கைப் போட்டுவிட்டு, நம்முடைய தடம் வெள்ளை, சுற்றிவர நிறம் நிறமாக இருக்கிறதைக் கண்டு வாயை மூடிக்கொண்டான். காகித வரைபடமும் கொண்டுபோனோம், 25,000க்கு ஒன்று அளவில் 1365ஆம் தாள். குளிரில் கைபேசி பாட்டரி படுத்தால் அதுதான் துணை.

2015 பெப்ரவரியில் இந்தப் பள்ளத்தாக்கிலேயே பனிச்சரிவில் அகப்பட்டு இத்தாலியில் இருந்து வந்த நான்கு பேர் இறந்தார்கள். ‘மடத்துக்குத்தானே போகிறோம், சிகரத்துக்கா போகிறோம்’ என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது அறிக்கை. தாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் நிலைமை அறிக்கை வெளியிடுகிறது. ஒயிட் ரிஸ்க் என்ற செயலியில் பார்க்கலாம், இலவசம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் நான்கிலும் வரும். ஒரு சேவை என்று பார்த்தால் இதற்கு நிகராக நான் எதையும் பாவித்ததில்லை. எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவுகளில், என்ன காரணத்தால் ஆபத்து என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லும். சில வருடங்களாக 2+, 3- என்று ஆபத்துப் படிகளை (1 குறைவு, 5 மிக அதிகம்) இன்னும் நுணுக்கமாகவும் போடுகிறார்கள்.

இதில் பொதுசனம் தடுமாறுவது மூன்றாம் படியில். படிகள் ஐந்து என்பதால் மூன்று என்றால் நடுத்தரம், பரவாயில்லை என்று தோன்றிவிடும். சுவிட்சர்லாந்தில் வருடத்துக்குச் சராசரியாக இருபது பேருக்கு மேல் பனிச்சரிவில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும் பங்கினர் இறப்பது இந்த மூன்றாம் படி நாட்களில்தான். ஐந்தாம் படி அன்று ஊரே கதவைச் சாத்திவிடும். மூன்றாம் படி அன்று வெயில் அடிக்கும், எல்லோரும் வெளியே வருவார்கள்.

பேர்ன் மலைவழிகாட்டி வெர்னர் முன்டர் போட்டுத் தந்த கணக்கு ஒன்று இருக்கிறது, வகுப்பில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். படி இரண்டு என்றால் 40 பாகைக்குக் கீழே நில், மூன்று என்றால் 35க்குக் கீழே, நான்கு என்றால் 30க்குக் கீழே. படி கூடக் கூடப் பார்க்க வேண்டிய பரப்பும் கூடும். இரண்டில் உன் தடத்தைச் சுற்றி மட்டும் பார்த்தால் போதும். மூன்றில் முழுச் சரிவையும் பார்க்க வேண்டும். நான்கில் மேலே இருந்து வந்து விழக்கூடியதையும் சேர்க்க வேண்டும். கோம்ப் தே மோர் போன்ற இடத்துக்கு இந்தக் கடைசி வரிதான் உயிர். ஸ்கீடூரன்குரு என்ற இலவசத் தளமும் உண்டு. அது அன்றன்றைய அறிக்கையையும் நிலத்தின் சரிவையும் சேர்த்துப் பாதைகளுக்குப் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடும். பத்துப் பாதைகளில் எதை யோசிக்கவே வேண்டாம் என்று கழிப்பதற்கு அருமையான கருவி. அதைப் பச்சைக் கொடியாக எடுத்துக்கொண்டு புறப்படுவது மடத்தனம். நேற்றிரவு வீசிய காற்று உங்கள் சரிவில் என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது.

நாங்கள் போன நாள் படி இரண்டு. வடக்குப் பார்த்த உயரச் சரிவுகளில் பழைய காற்றுப்பனி கொஞ்சம் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

சாமான் விசயத்தில் எனக்கு மனக்கசப்பு உண்டு. எனக்கும் சிநேகிதிக்கும் சொந்தமாக இருக்கிறது, மருமகனுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தோம். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், நகரத்தில் நல்ல பெயர் உள்ள கடைதான். ஸ்கீயும் சப்பாத்தும் குறை சொல்ல முடியாது, குதிகாலைப் பொறுமையாக அளந்து, பிணைப்பையும் அவன் நிறைக்குச் சரிசெய்து தந்தார்கள். ஆனால் ஸ்கீயின் அடியில் ஒட்டும் மயிர்ப்பட்டை, அதுதானே முன்னால் வழுக்கவிட்டுப் பின்னால் பிடித்துக்கொள்வது, அதன் பசை செத்துப்போயிருந்தது. வீட்டில் பரிசோதித்ததால் தெரிந்தது, பால்கனிக் குளிரில் ஒட்டி வைத்து உரித்துப் பார்த்தேன், கடதாசிபோலக் கழன்று வந்தது. திருப்பிக் கொண்டுபோனபோது வேறு தந்தார்கள், முகம் மட்டும் கோணியது. தேடுகருவியின் பாட்டரி அறுபது வீதத்தில் இருந்தது. “போதும்” என்றார் கடைப் பையன். போதாது. புதுப் பாட்டரி போடாமல் வாங்கி வராதீர்கள்.

தேடுகருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் துழாவுகோல், தோண்டும் சவள் மூன்றும் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும். மூவருக்கும் சேர்த்து ஒன்று என்பது எதற்கும் உதவாது, உங்கள் சவள் பனிக்குள் கிடக்கும் உங்களைத் தோண்டாது. புதையுண்டவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அதற்குப் பிறகு எண்ணிக்கை கிடுகிடென்று விழுகிறது. ஹெலிகொப்டர் வருவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் தேடுகருவியை ஒரு பையில் போட்டு ஒளித்துவிட்டு மருமகனைத் தேட வைத்தோம். நாயோடு உலாவ வந்த கிழவி ஒருவர் என்ன தொலைந்துபோனது என்று விசாரித்தார்.

என்னிடம் இருக்கும் தேடுகருவி மாமுட் நிறுவனத்தின் பாரிவொக்ஸ். அந்தப் பெயரில் இருக்கும் பாரி, இந்த மடத்து நாய்தான். 1800இல் பிறந்து 1814இல் செத்தது, நாற்பதுக்கும் மேற்பட்ட பேரைக் காப்பாற்றியது என்று புகழ். பேர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், பேர்னில் வளரும் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தோடு போய்ப் பார்த்திருப்பார்கள். கழுத்தில் சாராயப் பீப்பா என்பது கட்டுக்கதை. நாய்களைப் பார்க்க ஆசைப்பட்டுக் குளிர்காலத்தில் மேலே ஏறாதீர்கள், அவை அந்தக் காலத்தில் கீழே மார்த்தினியில் இருக்கும். 2005இல் இருந்து பாரி அறக்கட்டளை அவற்றை வளர்க்கிறது.

பயண வழி சுருக்கமாக: பேர்னில் இருந்து விஸ்ப் வழியாக மார்த்தினி, அங்கிருந்து சின்ன ரயிலில் சொம்பிராஞ்சேயில் மாறி ஓர்சியேர், பிறகு பஸ். பஸ்தான் இந்தப் பயணத்தின் பலவீனமான கண்ணி. குளிர்காலத்தில் அது ஓடுவது அரிது. முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் நண்பகல் வெயிலில் பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டி வரும், அது நல்லதில்லை. திரும்பும் பஸ் நேரத்தையும் முதலே எழுதி வையுங்கள். காரில் போகிறவர்கள் பழைய லிஃப்ட் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள்.

ஏறியதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. திட்டம் சரியாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். கிளம்பும் இடத்தில் மூவரும் தேடுகருவியை இயக்கி ஒருவரை ஒருவர் சோதித்தோம். பள்ளத்தாக்கு வாயில் சிநேகிதி நின்று, மேல் விளிம்பில் காற்று மடித்து வைத்த பனி முகடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், “சரி, இடைவெளி விட்டு வாருங்கள்” என்றாள். முப்பது முப்பது மீட்டர் விட்டுப் போனோம். மருமகன் முன்னால் ஓடப் பார்த்தான், அவளுடைய ஒரு பார்வையில் நின்றான். கடைசித் திருப்பத்தில் மடம் திடீரென்று எழும்பி நின்றது. அழகான கட்டடம் என்று சொல்ல மாட்டேன், சிறைச்சாலைபோலத் தடித்த சுவர், சின்னச் சின்ன ஜன்னல். பனிக்கு அது பொருத்தம்.

உள்ளே போனதும் சூடான தேநீர் தந்தார்கள், பெரிய கிண்ணத்தில், இனிப்பாக. பெயரைக் கேட்டது அதற்குப் பிறகுதான். ஸ்கீயை வைக்க ஓர் இடம், சப்பாத்தைக் காயவைக்க ஓர் அறை, மாட்டிக்கொள்ள வீட்டுச் செருப்பு. காயவைக்கும் அறையின் வாடையைப் பற்றி எழுதுவதாயிருந்தால் இன்னொரு மதிப்புரை வேண்டும். படுப்பது கூட்டறையில். தடித்த கம்பளி உண்டு, மெல்லிய உறங்குபை ஒன்றை நீங்கள் கொண்டுபோங்கள். குறட்டைக்கு மருந்தில்லை, காதில் வைக்கும் பஞ்சு கொண்டுபோகாதவர்கள் அனுபவிக்கட்டும்.

இரவுச் சாப்பாடு குறித்த நேரத்தில், நீள மேசையில், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. பெரிய சட்டியில் சூப் வந்தது, கைமாறிக் கைமாறிப் போனது. எனக்கென்று மரக்கறித் தட்டு தனியாக வந்தது, நாள் மாறி நான் வெள்ளிக்கிழமையில் போகாதபோதும் அந்த மனிதர் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்! சொல்லத் துணியவில்லை, அப்படியே சாப்பிட்டேன். மருமகன் பையில் இருந்து மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தான், மேசை முழுக்க அது சுற்றி வந்தது. பக்கத்தில் இருந்த லியோன் நகரத்துத் தம்பதி அளவு தெரியாமல் போட்டுவிட்டுக் கண் கலங்கினார்கள்.

நிலவறைக் கோவிலில் பூசை நடக்கும். போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் சைவம். ஓகஸ்டில் மரியஸ்டைன் மாதாவிடம் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வரும் சைவக்காரர் சுவிஸில் எத்தனையோ பேர், அதனால் எனக்கு அங்கே உட்கார ஒரு கூச்சமும் இருக்கவில்லை. மருமகன் கைபேசியோடு கட்டிலில் கிடந்தான்.

விறாந்தையில் வானிலை நிலையத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 1817இல் இருந்து இந்தக் கணவாயில் வெப்பநிலை அளக்கிறார்கள், ஆல்ப்ஸ் மலையில் இவ்வளவு பழைய பதிவு அரிது. இருநூறு வருடமாகக் காற்றையும் பனியையும் எழுதி வைத்த வீட்டுக்காரர் வராதே என்றால், கேட்டுக்கொள்வதுதான் முறை.

குறைகள்: வெந்நீரில் நின்று குளிக்கும் நினைப்போடு போகாதீர்கள். ஜெர்மன் மட்டும் தெரிந்தவர்கள் சைகையில் காலம் தள்ள வேண்டும். வார இறுதியில் கூட்டம் நெரிகிறது, பெரிய குழு ஒன்று வந்துவிட்டால் அமைதி என்ற சொல்லே மறந்துபோகும். விலை நியாயம், சாப்பாட்டோடு சேர்த்துக் கீழே நகரத்தில் ஒரு நடுத்தர ஓட்டல் அறைக்குக் கொடுப்பதைவிட நன்றாகக் குறைவு. ஆல்பைன் கிளப்புக்கு நாடு முழுக்க நூற்றைம்பது அளவில் குடில்கள் உண்டு, அவற்றில் சிலவற்றில் தங்கியிருக்கிறேன். வசதியில் இது அவற்றைவிடக் கொஞ்சம் மேல், கவனிப்பில் நிறைய மேல்.

அடுத்த நாள் மோன் ஃபூர்ஷோன் போனோம், 2,902 மீட்டர். மடத்தில் இருந்து இத்தாலிப் பக்கம் இறங்கி, மறுபடி ஏறிப் போகும் சுற்று. அளவான சரிவு, முதல் சிகரத்துக்கு ஏற்றது. எல்லை தாண்டுவதால் அடையாள அட்டை பையில் இருக்கட்டும், இன்னும் அகதி வதிவிட அனுமதியில் இருப்பவர்கள் பயணப் பத்திர விதிகளை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கால் வைப்பதும் பயணம்தான். ஏறும்போது பனி இறுகிக் கிடந்தது, ஸ்கீயில் மாட்டும் இரும்புப் பற்கள் கைகொடுத்தன. பத்து மணிக்குப் பிறகு மேல்பரப்பு இளகி இறங்குவதற்குப் பட்டாக இருந்தது. மருமகன் கத்திக்கொண்டே இறங்கினான், சிநேகிதி இந்தத் தடவை அவனைத் தடுக்கவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று. சுவிஸில் மலையில் விபத்து என்றால் ரேகா என்ற வான்வழி மீட்பு அமைப்பின் 1414 என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். வலே மாநிலத்தில் மீட்பை ஒழுங்குபடுத்துவது 144. பறந்து வருவதும் பெரும்பாலும் ஏர் கிளேசியர், ஏர் செர்மாட் நிறுவனங்களின் ஹெலிகொப்டர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் 112. மூன்று எண்ணையும் கைபேசியில் போட்டு வையுங்கள். காப்புறுதி எதை எதை ஈடுசெய்யும் என்பதை வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சில இடங்களில் கைபேசிக்குத் தொடர்பும் கிடைக்காது.

யாருக்குச் சிபாரிசு? சீரமைத்த தடத்தில் நன்றாக ஸ்கீ ஓட்டத் தெரிந்து, பனிச்சரிவு வகுப்பும் எடுத்து, முதல் தடவையாக வெளியே இறங்கப் பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கூட்டத்தில் அனுபவசாலி ஒருவராவது வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் மலைவழிகாட்டியை வையுங்கள், ஒரு நாளுக்கு 700 பிராங்க் அளவில் வரும், நாலைந்து பேர் பங்கிட்டால் கை கடிக்காது. கலியாண வருடப் பூர்த்திக்கு மனைவியைத் திகைக்க வைக்க இடம் தேடும் மாப்பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.

பதிவு செய்யும்போது சனி இரவைக் கேட்காதீர்கள். பெப்ரவரிப் பள்ளி விடுமுறைக் கிழமைகளையும் விட்டுவிடுங்கள். மார்ச் நடுவில் செவ்வாய், புதன் என்று கேட்டால் இடமும் கிடைக்கும், பனியும் ஓரளவு இறுகி அமைந்திருக்கும். வருவதற்கு முதல் நாள் பின்னேரம், 5 மணி அறிக்கையைப் படித்த பிறகு, மடத்துக்கு இன்னொரு தடவை எடுங்கள். மிளகாய்த்தூள் கொண்டுபோங்கள்.